கடிகாரத்தின் தாய்வீட்டுக்கு ஒரு பயணம்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு கைக்கடிகாரம் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் தூங்கியது.

என் மாமனார் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். 1979-ல் ஊர் திரும்பும்போது நாலு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி வந்த சுவிஸ் கடிகாரம் அது. இரண்டு நாத்தனார்களின் கல்யாணம், எங்கள் கல்யாணம் என்று மொத்தம் மூன்று முறைதான் கட்டினார். மற்ற நாளெல்லாம் கைக்குட்டையில் சுற்றி, என் கல்யாணப் பட்டுக்கு மேல் வைத்துப் பூட்டிவிடுவார். தோப்பில் யாராவது மணி கேட்டால் வெயிலைப் பார்த்துச் சொல்வார்.

“தேங்காய் உரிக்கிற கையில அதைக் கட்டுவாங்களா?” என்பார். 2011-ல் அவர் போனபோது கடிகாரத்தில் ஒரு கீறல் கிடையாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த ராத்திரியை விளக்க வேண்டியதில்லை. ஓடு பறந்தது. பீரோ குப்புற விழுந்தது. இரண்டு நாள் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. தோப்பில் நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கவலையில் கடிகாரத்தை யார் பார்ப்பது? மாதங்கள் கழித்து எடுத்தபோது கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பூத்த மாதிரி இருந்தது.

வேலை தெரிந்த ஒருவர் பின்மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர் புகாமல் தடுக்க வேண்டிய ரப்பர் வளையம் தொட்டதும் பொடிந்தது. உள்ளே துரு. “இது புயல்ல மட்டும் கெட்டதில்லைம்மா. எண்ணெய் எப்பவோ காஞ்சுபோச்சு. கட்டினாலும் காயும், கட்டாட்டியும் காயும். ரப்பரும் அப்படித்தான்” என்றார்.

சில பாகங்களை மாற்றி ஓட வைத்துக் கொடுத்தார். என் கணவர் அதை வாங்கி வந்து என்ன செய்தார் தெரியுமா? புதுக் கைக்குட்டையில் சுற்றி மறுபடி பீரோவில் வைத்தார்!

ஏரி இருக்கிறது, ஆறு எங்கே?

எங்கள் மகன் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறான். போன அக்டோபரில் நாங்கள் கிளம்பும்போது போனில் சொன்னான்: “அப்பா, தாத்தா கடிகாரத்தையும் எடுத்துட்டு வாங்க. அதுக்கும் தாய்வீட்டைக் காட்டிடுவோம்.”

அவன் எங்களை அழைத்துப்போன இடம் வாலே த ஷூ. பிரான்ஸ் எல்லையை ஒட்டி, ஜூரா மலைத்தொடரில் இருக்கும் பள்ளத்தாக்கு. லோசானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். புகைப்படங்களில் பார்க்கிற பனிச்சிகரங்கள் இங்கே இல்லை. கரும்பச்சை ஊசியிலைக் காடு, புல்வெளி, கழுத்து மணி குலுங்கும் மாடுகள், நடுவில் நீளமாக ஓர் ஏரி. கடல் மட்டத்துக்கு 1,004 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் ஏரியே உறைந்து, ஜனங்கள் அதன் மேல் சறுக்கி விளையாடுவார்களாம்.

இந்த ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் ஆறு கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியே பூமிக்குள் இறங்கி, மலைக்கு அந்தப் பக்கம் வாலோர்ப் ஊரருகே ஓர்ப் நதியாக வெளியே வருகிறது. “நம்ம ஊர்ல இப்படி இருந்தா எத்தனை மோட்டார் வச்சிருப்பாங்க!” என்றார் என் கணவர்.

சாணி அள்ளிய கைதான் செய்தது

லு சாந்தியே என்ற ஊரில் இறங்கினோம். இங்கே ஒரு கடிகார அருங்காட்சியகம் இருக்கிறது. வழியெல்லாம் பழைய பண்ணை வீடுகள். சில வீடுகளின் மாடியில் மட்டும் பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாக ஜன்னல்கள். காரணத்தை உள்ளே போனதும் தெரிந்துகொண்டோம்.

இந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலம் நீளம். பனி மூடிவிட்டால் விவசாயிக்கு வேலை இல்லை. 18-ம் நூற்றாண்டிலிருந்தே இங்குள்ள குடும்பங்கள் அந்த மாதங்களில் ஜன்னலோரம் பலகை போட்டு உட்கார்ந்து, கடிகாரத்துக்கான பற்சக்கரமும் திருகும் செய்தன. பனிமேல் பட்டு வரும் வெளிச்சம் வீணாகக் கூடாது என்றுதான் அத்தனை ஜன்னல்கள். பனி விலகியதும் மறுபடி மாடு, புல், பாலாடைக்கட்டி.

அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்த அந்துவான் லிகுல்ட்ரே 1833-ல் லு சாந்தியேவில் பட்டறை தொடங்கினார். இன்றைய ஜேகர்-லிகுல்ட்ரே நிறுவனம் அதுதான். பக்கத்து ஊரான லு பிராஸ்யூவில் 1875-ல் ஓடெமார் பிகே தொடங்கியது. இன்று ஒரு கடிகாரத்தின் விலையில் நம் ஊரில் வீடே வாங்கலாம் என்கிற நிறுவனங்கள் இவை.

என் கணவர் ஒரு பழைய வேலைப்பலகை முன் வெகுநேரம் நின்றார். முடியை விட மெல்லிய அச்சுகள், மணல் அளவு திருகுகள். தன் கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். “காலையில சாணி அள்ளின கை, மத்தியானம் இதைச் செஞ்சிருக்கு” என்றார்.

இந்தியாவில் உடைந்த கண்ணாடி

ரிவர்சோ என்ற செவ்வகக் கடிகாரத்தின் கதையை மகன் சொன்னான். அதற்கு நம் நாட்டோடு தொடர்பு உண்டு. 1930 வாக்கில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் குதிரை மேல் போலோ ஆடும்போது, மட்டை பட்டுக் கைக்கடிகாரங்களின் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததாம். அந்தப் புகாரைக் கேட்டுப் போனவர் சேசார் த த்ரே என்ற சுவிஸ் வியாபாரி.

அதற்குக் கண்ட வழி எளிமையானது. கடிகாரம் தன் சட்டத்துக்குள் நகர்ந்து அப்படியே குப்புறத் திரும்பிக்கொள்ளும். கண்ணாடி கைப்பக்கம் போய்விடும், இரும்பு முதுகு வெளியே வந்து அடியை வாங்கும். 1931 மார்ச் 4-ல் பாரிஸில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இன்று அந்த முதுகில் பெயர் பொறித்துப் பரிசளிக்கிறார்கள்.

“பாத்தியா, உடையுதுன்னு கழட்டி வைக்கலை. கடிகாரத்தையே மாத்தியிருக்கான்” என்றார் இவர் என்னிடம். அப்போதும் எங்கள் கடிகாரம் அவர் கைப்பையில்தான் இருந்தது.

விலை உயர்ந்தது என்றால் தங்கம்தான் என்ற எண்ணத்தை மாற்றியதும் இந்தப் பள்ளத்தாக்குதான். 1972-ல் ஓடெமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக், வெறும் எஃகுக் கடிகாரம். வடிவமைத்தவர் ஜெரால்ட் ஜெண்டா. கடலுக்குள் மூழ்கி வேலை செய்பவர்கள் அணியும் தலைக்கவசத்தைப் பார்த்து, எட்டு மூலை, எட்டுத் திருகு வெளியே தெரிய வரைந்தார். எஃகுக்கு இந்த விலையா என்று அன்று வியந்தவர்கள் உண்டு.

விறகு அடுக்கிய பெரியவர்

சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தோம். ஒரு வீட்டுச் சுவரோரம் எழுபது வயசுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர், குளிர்காலத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் இடது கையில் ஒரு பழைய எஃகுக் கடிகாரம். கண்ணாடியின் ஓரம் சிதறியிருந்தது. உடம்பெல்லாம் கீறல். மகன் பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தான். அவருடைய அப்பா கடிகார ஆலையில் வேலை பார்த்தவராம். அந்தக் கடிகாரம் அப்பாவுடையது.

“இதைக் கட்டிக்கொண்டா விறகு அடுக்குகிறீர்கள்?” என்று கேட்கச் சொன்னார் என் கணவர்.

அடுக்கும்போது கழற்றுவதில்லை, மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தொட்டால் மட்டும் கழற்றிவிடுவேன் என்றார் அவர். அதிர்வு கடிகாரத்துக்கு ஆகாது, கடிகாரம் எதிலாவது மாட்டினால் கைக்கு ஆகாது என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

இவர் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலில் காதில் வைத்துக் கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு மணிப் பக்கம் எண் தகட்டில் புயல் விட்டுப்போன பழுப்புக் கறை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மட்டும் எப்படிக் கறை?”

இவருக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கப்பல் பட்டறை, பீரோ, புயல், விழுந்த மரங்கள் எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். மகன் பிரெஞ்சில் சொன்னான். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கைக்குட்டையில் வைக்கவில்லை. வாரை விரித்துப் பிடித்து நீட்டினார். இவரும் கையை நீட்டிவிட்டார்.

ரயிலில் திரும்பும்போது நானும் மகனும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசினால் கழற்றிவிடுவாரோ என்று பயம்!

கட்டலாமா, கழற்றலாமா?

பலர் வீட்டில் இப்படி ஒரு கடிகாரம் இருக்கும் என்பதால், அங்கே கேட்டறிந்ததையும் மகன் விளக்கியதையும் சொல்லிவிடுகிறேன்.

கீறலால் ஓட்டம் கெடாது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், எஃகை விடக் கடினமானது. அதனால் மண்ணில் வேலை செய்தால் எஃகில் கோடு விழத்தான் செய்யும். இன்றைய விலை உயர்ந்த கடிகாரங்களின் சஃபையர் கண்ணாடியை மணல் கீறாது. ஆனால் கல்லில் நேராக மோதினால் அது உடையும்.

இப்போதைய கடிகாரங்களில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு உண்டு. அச்சைத் தாங்கும் சிறு கல், வில்லில் உட்கார்ந்திருக்கும்; அடி பட்டால் கொஞ்சம் நகர்ந்து மறுபடி இடத்துக்கு வரும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழும் அடிக்குச் சமமானதைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேசச் சோதனை. ஆனால் சம்மட்டி, டிரில்லிங் மெஷின் போல விடாமல் அதிரும் வேலைக்குக் கழற்றிவிடுவதே நல்லது.

‘30 மீட்டர்’ என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் முங்கலாம் என்று அர்த்தமில்லை. மழைத் தூறல், கை கழுவுதல் வரைதான். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். சாவித் திருகை முழுதாக உள்ளே அழுத்தியிருக்க வேண்டும். ரப்பர் வளையத்தைச் சில வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காந்தமும் ஆகாது, ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விடக் கை முக்கியம். லேத், கிரைண்டர், பெல்ட் ஓடும் இயந்திரம் பக்கம் போனால் எந்தக் கடிகாரமும் கையில் இருக்கக் கூடாது. பேட்டரி, மின் வேலையிலும் அப்படியே. உலோகப் பட்டை பட்டு ஷார்ட் ஆனால் மணிக்கட்டு வெந்துவிடும். தொலைந்துபோனால் தாங்க முடியாத விலை என்றால், அதையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டாம். முரட்டு வேலைக்கென்றே 1983-ல் ஜப்பானில் கிகுவோ இபே உருவாக்கிய ஜி-ஷாக் போன்ற கடிகாரங்கள் இருக்கின்றன.

தோப்பில் விழுந்த முதல் கோடு

ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆகின்றன. புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போது பாளை விடுகின்றன. இவர் தினமும் கடிகாரத்தோடுதான் தோப்புக்குப் போகிறார். பாரையில் தேங்காய் உரிக்கும்போது மட்டும் கழற்றி, மோட்டார் கொட்டகை ஆணியில் மாட்டுகிறார்.

போன வாரம் வழக்கத்தை விடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். கொட்டகை இரும்புக் கதவில் உரசி, கடிகாரத்தின் ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. திட்டு வாங்கப்போகிற பையன் மாதிரி கையை நீட்டிக் காட்டினார். நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அரை அங்குலம் இருக்கும்.

“ஓடுதா?” என்றேன்.

“ஓடுது.”

“அப்ப மணி என்ன, சொல்லுங்க. சாதம் வடிக்கணும்.”

அவர் சொன்னார். நான் உள்ளே போனேன். அன்று சாயங்காலம் பீரோவைத் திறந்தேன். கடிகாரம் இருந்த இடத்தில் கைக்குட்டை மடித்தபடி இருந்தது. அதை நகர்த்திவிட்டு, அடியிலிருந்து என் கல்யாணப் பட்டை எடுத்தேன். புயல் தண்ணீர் பட்டு முந்தானை ஓரம் சாயம் இறங்கியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போகப்போகிறேன்.