செம்புள்ளியும் சனிக்கிரகமும்

எமது விடுதி மாடியிலுள்ள தூரதிருஷ்டிக் கண்ணாடிக்குக் குறிகாட்டியாய் அமைந்தது ஒரு செம்புள்ளி. சிறு மின்விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியிற் பட்டுத் திரும்பி நம் கண்ணை அடையுங்கால், அப்புள்ளி வானத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். டப்ளின் நகரத்துத் தூரதிருஷ்டி வினைஞர் ஹோவர்ட் கிரப் 1900-ஆம் ஆண்டிலேயே துப்பாக்கிக்கென இம்மூல அமைப்பைப் பதிவுசெய்தார். யாமோ எதனையும் சுடுவதில்லை.

2022-ஆம் ஆண்டு புரட்டாசியில் ஒரு நாள், பகலிலேயே அதனைச் சீர்செய்தோம். தொலைவிலுள்ள ஆலயக் கோபுரத்துச் சிலுவையைக் குழாயின் நடுவிற் கொணர்ந்து, இரு திருகுகளையும் திருப்பிப் புள்ளியை அச்சிலுவையின்மேல் நிறுத்தினோம். அண்மையிலுள்ள தென்னையைக் கொண்டிருப்பின், குழாயும் குறிகாட்டியும் சில அங்குலம் விலகியிருத்தலால், இரவில் குறி தப்பும்.

விடுதிக் காவற்காரப் பெரியவருக்கு இடக்கண் புரையால் மூடிவிட்டது, வலக்கண்ணும் மங்கிவந்தது. சனியின் வளையத்தைக் காண்பதே அவர் அவா. மேற்கே மேகம் ஏறிற்று. புள்ளி முழு ஒளியில் இருந்தபோது சனி அதனுள் மறைந்தது. அணையும் எல்லைமட்டும் ஒளியைக் குறைத்தோம். சிவப்பினூடே மஞ்சள் தெரிந்தது.

“ஐயா, வாருங்கள்” என்றோம்.

நெடுநேரம் பேசாதிருந்தவர், “தம்பி, காது வைத்த சட்டிபோலல்லவா இருக்கிறது!” என்றார். பின்பு மேகம் மூடிற்று.