அப்பப்பாவின் மைனரும் ஒரு பல்லுச் சக்கரமும்

கன நாளாய் ஒன்றும் எழுதவில்லை. சோதனை ஒரு காரணம், கார் இன்னொரு காரணம். இரண்டில் எதில் கூட நேரம் போனது என்று வீட்டில் கேட்காதீர்கள் :)

எங்கள் வீட்டில் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. அப்பப்பாவுடையது. 948 சிசி எஞ்சின், நாலு கியர், 37 குதிரைவலு. இப்போது வருகிற மோட்டார் சைக்கிள்கள் சிலதே அதைவிடக் கூட வைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்குள் ஓட அதற்கு நிகர் இல்லை. சந்தைக்குப் போகும், கோயிலுக்குப் போகும், ஒழுங்கைக்குள் திரும்பும். ஆனால் ஏ-9 இல் ஏற்றினால் கதை வேறு. மணிக்கு 70 தாண்டியதும் எஞ்சின் கத்தத் தொடங்கும். 80 இல் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்காது. அப்பப்பாவுக்குக் காது வேறு மந்தம். போன வருடம் வவுனியா மட்டும் போய் வந்தோம். போக வர மூன்று வசனம்கூடக் கதைத்திருக்க மாட்டோம்.

ஏன் கத்துகிறது? எஞ்சினில் பிழை இல்லை. கணக்கில்தான் பிழை. அதைப் பிழை என்றும் சொல்ல முடியாது, அந்தக் காலத்துக்கு அது சரி.

மைனர் வந்தது 1948 இல். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. அப்போது பிரித்தானியாவில் மோட்டார்வே என்று ஒரு சாமானே இல்லை. எம்-1 திறந்தது 1959 இல், அதாவது எங்கள் கார் செய்த அதே வருடம். வளைவும் ஏற்றமும் உள்ள ஒடுங்கின ரோட்டில், சின்ன எஞ்சினோடு, நாலு பேரையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அதற்கு ஏற்ற மாதிரித்தான் பின் அச்சில் இருக்கிற டிஃபரன்ஷியலின் பற்களை வைத்தார்கள்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பிடிக்காதவர்கள் இரண்டு பந்தி தாண்டிப் போகலாம்.

மைனரில் நாலாம் கியர் நேரடி. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னுக்குப் போகிற தண்டும் ஒரு சுற்று. அதன் பிறகு பினியனில் 9 பல், கிரவுன் வீலில் 41 பல். 41 ஐ 9 ஆல் பிரித்தால் 4.56. சில்லு ஒரு தரம் சுற்ற எஞ்சின் நாலரைத் தரத்துக்கு மேல் சுற்றவேண்டும். எங்கள் ரயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீற்றர் போகும். ஆக மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3370 சுற்று. 100 இல் 4200 க்கு மேல். மூன்று பெயரிங்கில் நிற்கிற பழைய கிராங்க் தண்டுக்கு அது நாள் முழுக்கச் செய்கிற வேலை இல்லை.

1962 இல் எஞ்சினை 1098 சிசி ஆக்கினபோது அவர்களே பல்லை 9 க்கு 38 என்று மாற்றினார்கள், 4.22. அதே குடும்பத்து எம்ஜி மிட்ஜெட் காரில் பிறகு 10 க்கு 39 வந்தது, 3.9. கடைசி மிட்ஜெட்களில் 11 க்கு 41, அதாவது 3.73. நல்ல விஷயம் என்னவென்றால் இவை எல்லாம் மைனரின் அச்சுக் கூட்டுக்குள் அப்படியே போய் இருக்கும். வெட்டத் தேவையில்லை, ஒட்டத் தேவையில்லை.

உங்கள் காரில் எது இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி. பின் சில்லு ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்குங்கள். நிலத்தில் இருக்கிற சில்லுகளுக்குக் கல் வையுங்கள். கியர் நியூட்ரலில். தூக்கின சில்லைச் சரியாக இரண்டு தரம் சுற்றி, நடுத்தண்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதுதான் விகிதம். ஏன் இரண்டு தரம்? மற்றச் சில்லு நிற்கிறபோது தூக்கின சில்லு இரட்டை வேகத்தில் சுற்றும், டிஃபரன்ஷியலின் குணம் அது. எங்களுடையது நாலரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

3.9 போட்டால் 80 இல் சுற்று 2890 ஆக இறங்கும். 70 இல் 2530. இந்த எஞ்சினின் இழுவை உச்சமாக இருப்பது 2500 அளவில்தான். அதாவது நாங்கள் ஓடுகிற வேகமும் எஞ்சினுக்கு விருப்பமான சுற்றும் ஒரே இடத்தில் சந்திக்கும். 3.73 போட்டால் இன்னும் அமைதி, ஆனால் 37 குதிரைக்கு அது கூடிப்போன பாரம். 1098 சிசி வைத்திருப்பவர்கள் அதை யோசிக்கலாம். ஐந்து கியர் பெட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குச் செலவும் வெட்டுக்கொத்தும் கூட. அகலமான ரயர் போடலாம் என்பவர்களுக்கு: 145 ஐ 155 ஆக்கினால் கிடைப்பது 3 சதவீதம்கூட இல்லை.

லண்டனில் இருக்கிற சித்தப்பா போன முறை வந்தபோது பெட்டியில் உடுப்பைவிட இரும்புதான் கூட இருந்தது. பழைய மிட்ஜெட் டிஃப் ஒன்று, முழுதாக. சக்கரங்களைத் தனியாக வாங்கினால் பினியனின் ஆழம், பற்களின் இடைவெளி எல்லாம் சிம் வைத்து அளக்கவேண்டும். பிழைத்தால் ஊளையிடும். முழுதாக வாங்குவதே புத்தி.

எல்லாம் சரி. அப்பப்பா விடவில்லை.

"உதில கை வையாத தம்பி."

பழைய சாமான் மோகம் என்று நினைத்தேன். விளங்கப்படுத்தினேன், கடதாசியில் கணக்கும் காட்டினேன். கடதாசியைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்.

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போன இரவு. அந்த வருடங்களில் பெற்றோல் கிடையாது. துளிப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். அப்படித்தான் இந்தக் காரும் ஓடியது. உள்ளே ஒன்பது பேர். அப்பம்மாவின் மடியில் ஒரு சின்னப் பிள்ளை, யாரோ வழியில் ஏற்றிவிட்டது. ரோட்டில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கிறது. சனத்தின் வேகம்தான் காரின் வேகம்.

"இரவு முழுக்க ஒண்டாம் கியர் மோனை. கிளச்சை மிதிச்சு மிதிச்சு விட்டா எரிஞ்சு போயிருக்கும். இது மிதிக்காமலே சனத்தோட ஊர்ந்தது. நிக்கேல்லை. நீ அந்தப் பலத்தைக் குறைக்கப் போறன் எண்டுறாய்."

என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது கணக்கிலும் சரி. பழைய பல்லில் முதல் கியரில் எஞ்சின் 1000 சுற்றுக்கு மணிக்கு ஆறரைக் கிலோமீற்றர். அது நடை வேகம். புதிதில் ஏழரைக்கு மேல். எல்லாக் கியரிலும் இழுவை 14 சதவீதம் குறையும். வேகமும் இழுவையும் ஒரே தராசின் இரண்டு தட்டு, ஒன்றைக் கூட்டினால் மற்றது இறங்கும்.

இரண்டு கிழமை அந்த டிஃப் பெட்டியிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் அவரே கேட்டார், "பழசைத் திரும்பப் போடலாமோ?"

"ஒரு நாள் வேலை அப்பப்பா."

"அப்ப எறியாத."

அவ்வளவுதான்.

வேலை உண்மையில் ஒரு நாள்தான். மெக்கானிக் அண்ணை ஒருவர் கூட நின்றார். பின் சில்லுகள், பிரேக் ட்ரம்கள் கழற்றி, பக்கத் தண்டுகளை வெளியே இழுத்து, நடுத்தண்டைக் குறி வைத்து அவிழ்த்து, எட்டு நட் கழற்றினால் டிஃப் முன்பக்கமாக வெளியே வரும். பாரம், விரல் கவனம். புது கடதாசி காஸ்கெட், புது ஒயில் சீல், முக்கால் லீற்றருக்குக் கொஞ்சம் மேல் இபி-90 ஒயில். சீலை மிச்சம் பிடிக்காதீர்கள். நான் ஒரு பக்கத்துப் பழைய சீலை விட்டேன், அடுத்த கிழமை ஒயில் வடிந்து பிரேக்கில் போய்த் திரும்பவும் கழற்றினேன்.

இன்னொன்று. மைனரின் வேகமானி கியர் பெட்டியிலிருந்து ஓடுகிறது. பின்னால் பல் மாறினது அதற்குத் தெரியாது. முள் 38 மைல் காட்டும்போது உண்மையில் போவது 44 மைல், அதாவது 71 கிலோமீற்றர். பொலிஸ் மறித்தால் முள்ளைக் காட்டித் தப்ப முடியாது. மானியைத் திருத்தும் வரைக்கும் கண்ணாடியில் ஒரு சின்னத் துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன்: 30 என்றால் 35, 38 என்றால் 44.

போன மாதம் கண்டிக்குப் போனோம். ஏ-9 முழுக்க, 321 கிலோமீற்றர். எல்லாம் நாலாம் கியர் என்று வைத்தால் எஞ்சினுக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் மிச்சம். முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். மாங்குளம் தாண்டினபோது 70 இல் போய்க்கொண்டிருந்தது, எஞ்சின் இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய அளவு அமைதி. அப்பப்பா கச்சானை உடைத்தபடி கதைக்கத் தொடங்கினார். அந்தப் பிள்ளையைப் பற்றி. சாவகச்சேரியில் தாய் தேடி வந்து வாங்கிக்கொண்டு போனாவாம். பெயர் கேட்க மறந்துவிட்டாராம். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அவர் இதைச் சொன்னதில்லை.

மாத்தளைக்குப் பிறகு ஏற்றத்தில் வண்டி திணறினது உண்மை. முன்பு மூன்றில் ஏறியிருக்கக்கூடிய இடத்தில் இரண்டுக்கு இறங்கவேண்டி வந்தது, பின்னால் லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். அப்பப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னன்தானே" என்று சொல்லவில்லை, முகத்தில் இருந்தது.

பழைய டிஃப் ஒயில் பூசி, சாக்கில் சுற்றி, என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அம்மா ஒவ்வொரு முறை கூட்டும்போதும் ஏசுகிறா. எறிய மாட்டேன், வாக்குக் கொடுத்தாயிற்று.