செஞ்சிக் கோட்டையில் ஒரு கைதட்டல்... ஸ்பீக்கர் வாங்கும் முன் ஒரு பாடம்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். வருகிற பலரின் கண்ணும் ராஜகிரி உச்சியில்தான் இருக்கும். ஏறும் முன், அடிவாரத்தில் உள்ள தானியக் களஞ்சியத்துக்குள் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்.

தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே பொருள் எதுவும் இல்லை. உறிஞ்ச எதுவும் இல்லாததால் ஒலி சுவருக்குச் சுவர் மோதிச் சுற்றும். வெளியே வந்து தட்டினால் சட்டென்று அடங்கிவிடும். கைகள் அதேதான், இடம்தான் வேறு.

லட்சங்களில் ஆடியோ சிஸ்டம் வாங்குபவர்களும் மறப்பது இதைத்தான். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல் என இருக்கும் நம் வீட்டு ஹாலும் ஒரு குட்டிக் களஞ்சியமே! எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அங்கே இரைச்சலாகத்தான் கேட்கும்.

1895-ல் ஹார்வர்டு இயற்பியலாளர் வாலஸ் சபைன், பேச்சே புரியாத ஓர் அரங்கில் இருக்கை மெத்தைகளை அடுக்கி, ஒலி அடங்கும் நேரம் குறைவதை அளந்தார். நவீன அரங்க ஒலியியல் அப்படித்தான் பிறந்தது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது:

* முதலில் கைதட்டுங்கள். 'கிணுங்' என்று கேட்டால் தடித்த திரைச்சீலை, கம்பளம், துணி சோபா, புத்தக அலமாரி சேருங்கள்.

* ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், பேஸ் குமுறும்.

* இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் சம பக்க முக்கோணமாக அமையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு திருப்தி இல்லையென்றால், புது ஸ்பீக்கர் பற்றி யோசிக்கலாம்!