நொய்யல் கரைக்கு வந்த வெள்ளி

கத்தாங்கண்ணிக் குளத்துக் கரையில் வண்டியை நிறுத்தினோம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி வழியாக வந்தால் அதிக தூரமில்லை. நொய்யல் தண்ணீரால் நிறையும் குளம். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். நாங்கள் வந்தது காசுக்காக. 1913ஆம் ஆண்டு இந்த ஊரில் 233 ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன.

உடன் வந்த அண்ணன் திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளாகப் பேங்க் வேலை பார்ப்பவர். பில், எல்.சி., ஃபார்வர்டு புக்கிங் எல்லாம் அவர் கையால்தான் நகரும். காலையில் டாலர் விலை பார்க்காமல் காபி குடிக்க மாட்டார். குளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் காலத்துல எந்தக் காசை நம்பி வாங்குனாங்க தம்பி? ரோமாபுரிக் காசுன்னா எல்லாமே செல்லுமா?"

இத்தனை நாள் படித்ததில் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். எல்லாமே செல்லவில்லை. தென்னிந்தியப் புதையல்களில் வரும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டே வகைதான் மலைபோலக் குவிகின்றன. ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது. ஒரு பக்கம் வாகை சூடிய அவருடைய தலை, மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் வைத்து நிற்கும் இரண்டு இளைஞர்கள். அவர்கள் கையஸ், லூசியஸ் என்ற வாரிசுகள். இருவரும் பட்டத்துக்கு வருமுன்பே இறந்துபோனார்கள். லூசியஸ் கி.பி. 2இல், கையஸ் கி.பி. 4இல். அவர்கள் இறந்து பல காலம் ஆன பிறகும் அந்த உருவங்கள் கப்பலேறி, மேற்குக் கடற்கரையில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குக்கு வந்துகொண்டே இருந்தன. மற்றொன்று திபேரியஸ் காசு. அதன் பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருப்பாள்.

கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் 522 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1891இல் கிடைத்தவை ஆயிரத்துக்கும் மேல். அங்கேயும் பெரும்பாலும் இந்த இரண்டு முகங்களே. கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் டெனாரியஸ் என்ற இந்த வெள்ளிக் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசு நம் பக்கம் வெகு குறைவு. பழைய காசுதான் வேண்டும் என்று இங்கிருந்த வணிகர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பதே பொதுவான விளக்கம். படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். லத்தீன் எழுத்து யாருக்குத் தெரியும்? உருவத்தைப் பார்த்தார்கள், எடையைப் பார்த்தார்கள். ஒரு நாணயத்தின் வடிவமைப்பு இப்படி வேலை செய்வதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உலகின் மறுகோடியில் ஒருவர் செதுக்கிய இரண்டு பையன்களின் உருவம், நொய்யல் கரையில் தரச் சான்றிதழாக இருந்திருக்கிறது.

கத்தாங்கண்ணியிலிருந்து கிழக்கே ஆற்றோடு போனால் கொடுமணல். அதன் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டி, 1992இல் முடித்து, கடைசியில் திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்கும் இடமாக மாறிய அணை. அந்தத் தண்ணீரைப் பாய்ச்ச முடியாமல் போன நிலங்களின் விவசாயிகள் நீதிமன்றம் வரை போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஏற்றுமதிக் கணக்கு எழுதும்போது இந்த அணையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் எண்ணம். வந்த டாலரை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு.

கொடுமணலில் இன்று பார்க்க வயல்களும் சில பெருங்கற்காலக் கல்வட்டங்களும்தான். 1980களின் நடுவில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டத் தொடங்கிய பிறகுதான் மண்ணுக்குள் இருந்தது வெளியே தெரிந்தது. இரும்பு உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகள், பாதி துளைபோட்ட கற்கள், தமிழ் பிராமியில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். காங்கயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக்கல்லுக்கு ரோமாபுரியில் பெரும் கிராக்கி. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் ரோமானியப் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி வருந்தி எழுதினார். அந்த ஐந்து கோடியில் ஒரு துளி, கல்லைத் தேய்த்துத் துளைபோட்ட இந்த ஊர்க்காரர்களின் கூலி.

அண்ணன் ஓர் ஓட்டுச் சில்லை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். "நம்மளும் அதேதானுங்களே பண்றோம்" என்றார்.

அதே வேலைதான். ஆனால் அவர்கள் செய்த இன்னொன்றை நாம் செய்யவில்லை. அதைக் காணத்தான், சேரர் காசுகள் கிடைத்த கரூர் போனோம்.

போகிற வழியில் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை. புகழூர்க் கல்வெட்டுகள் என்று பெயர் பெற்றவை இங்கேதான். ஒன்று மூன்று தலைமுறைச் சேரர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. இன்னொன்று, துறவிக்குப் படுக்கை செய்து கொடுத்தவனாகக் கரூர்ப் பொன்வாணிகன் ஒருவனைக் குறிக்கிறது. அரசனும் பொன்வாணிகனும் ஒரே மலையில் பெயர் பொறித்திருக்கிறார்கள். காசு அச்சடிக்கும் ஊருக்கு வேண்டிய இரண்டு பேர்.

கரூரில் அமராவதி வறண்ட காலங்களில் மணலைச் சலித்தவர்கள் கையில் நூற்றுக்கணக்கான காசுகள் அகப்பட்டன. அவற்றைத் தேடி வாங்கி, துலக்கி, படித்து, அச்சேற்றியவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பத்திரிகை வேலைக்கு நடுவே அவர் செய்த இந்தப் பணிக்குத் தமிழ்நாடு பட்ட கடன் பெரிது. சங்க காலச் சேரரின் செப்புக் காசுகளில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். வெள்ளிக் காசில்தான் புதுமை. வலப்பக்கம் பார்க்கும் ஒரு மனித முகம், தலைக்கு மேல் தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயர். பின்பக்கம் வெறுமை. இதே அமைப்பில் 'குட்டுவன் கோதை' என்ற பெயரோடும் கிடைத்திருக்கிறது.

முகம் போடும் பழக்கம் ரோமானிய டெனாரியஸைப் பார்த்து வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குப் பெரிய கருத்து வேறுபாடில்லை. சேரன் வடிவத்தை வாங்கிக்கொண்டான்; எழுத்தும் பெயரும் தன்னுடையவை. செங்கடல் ஓரத்தில், இன்றைய எத்தியோப்பியாவையும் எரித்திரியாவையும் சேர்த்து ஆண்ட அக்சும் அரசர்கள் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பொற்காசு அடித்தபோது, இரண்டு கதிர்களுக்கு நடுவே தங்கள் முகத்தை வைத்தார்கள். எழுத்து மட்டும் பெரும்பாலும் கிரேக்கம், வெளிநாட்டு வணிகத்துக்காக. தங்கள் கீயஸ் எழுத்தை உள்ளூரில் புழங்கிய காசுகளுக்கு வைத்துக்கொண்டார்கள். கரூர்ச் சேரன் வெள்ளியிலேயே தமிழை எழுதினான். சிறிய காசுதான், துணிவு பெரியது.

கிழக்கு ஆப்பிரிக்கா என் நினைவுக்கு வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டி-ஷர்ட் பேல் வாங்க வந்திருந்த கென்யா வியாபாரி ஒருவர், பேச்சுவாக்கில் தன் பையிலிருந்து 20 ஷில்லிங் காசு ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் யானை. பழைய காசுகளில் ஜோமோ கென்யாட்டாவும் அவருக்குப் பின் வந்த தலைவர்களும் இருந்தார்கள். கென்யாவின் 2010 அரசமைப்புச் சட்டம், எந்தத் தனிமனிதரின் முகமும் நோட்டிலோ காசிலோ இருக்கக் கூடாது என்று 231ஆம் பிரிவில் விதித்துவிட்டது. 2018இல் வந்த புதிய காசுகளில் ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், சிங்கம், யானை. மாக்கோதை தன் முகத்தைச் சேர்த்தான், கென்யா மக்கள் முகங்களை எடுத்தார்கள். இரண்டும் ஒரே காரியம் என்றுதான் நினைக்கிறேன்: இந்தக் காசு யாருடையது என்பதை வெளியாள் சொல்ல விடாமல் தாங்களே சொல்வது.

அந்த நாட்டில் ஒரு காலத்தில் ஓடியது நம் ரூபாய். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு 1896 முதல் 1901 வரை ரயில் பாதை போட்ட இந்தியத் தொழிலாளர்கள் கூலி வாங்கியது ரூபாயில். பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவின் அதிகாரபூர்வ நாணயமே ரூபாய்தான். முதல் உலகப் போருக்கு முன் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று மதிப்பு. போருக்குப் பின் வெள்ளி விலை ஏற, ரூபாய் இரண்டு ஷில்லிங்கையும் தாண்டியது. அங்கே குடியேறிய வெள்ளைக்கார விவசாயிகள் விளைச்சலை லண்டனில் பவுண்டுக்கு விற்றார்கள். கடனும் கூலியும் ரூபாயில்.

இதைச் சொன்னதும் அண்ணன் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். "அப்ப ரூபா ஏறுனா அவிங்களுக்கு அடி. நம்ம கதைதானுங்க இது."

ஆமாம், வரி மாறாமல் திருப்பூர்க் கதை. விற்பது டாலரில், நூலுக்கும் சாயத்துக்கும் தையல் கூலிக்கும் கொடுப்பது ரூபாயில். ரூபாய் கொஞ்சம் ஏறினாலும் ஆர்டர் எடுத்தவரின் லாபம் கரையும். ஆனால் கென்யா விவசாயிகளுக்குப் பின்னால் காலனி அரசு இருந்தது. 1920இல் ரூபாயையே நீக்கி, இரண்டு ஷில்லிங் மதிப்பில் ஃபுளோரின் கொண்டுவந்தார்கள். சீக்கிரமே அதுவும் போய், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலையும் மறுபக்கம் மலைகளுக்கு முன் நிற்கும் சிங்கமும் கொண்ட கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் வந்தது. விடுதலைக்குப் பின், 1966இல் கென்யாவும் உகாண்டாவும் தான்சானியாவும் தங்கள் தங்கள் ஷில்லிங்கை அச்சடித்துக்கொண்டன.

திருப்பூருக்காக யாரும் நாணயத்தை மாற்றப் போவதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, கட்டிங் முடிந்த துணிகள் மேசையிலேயே கிடந்த யூனிட்டுகளைப் பார்த்தேன். அத்தனைக்கும் காரணம் வேறு ஒரு தலைநகரில் போட்ட ஒரு கையெழுத்து. நீரோ வெள்ளியைக் குறைத்தபோது கொடுமணல் பட்டறைகளில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன்.

2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வணிகத்தை ரூபாயிலேயே பில் போட்டு முடிக்க வழி திறந்தது. அதற்கான கணக்குகளுக்கு அனுமதி பெற்ற வங்கிகளின் நாடுகளில் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் உண்டு. ரூபாய் வெளியேற்றப்பட்டு நூறாண்டு கழித்து அதே கரைக்குப் போக ஒரு சிறு வாசல்.

கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் டீ குடிக்கும்போது அண்ணனிடம் கேட்டேன், காதர்பேட்டைக்கு வருகிற கென்யாக்காரருக்கு ரூபாயில் பில் போடுவீர்களா என்று.

"நான் போடத் தயாருங்க தம்பி. அந்தூருல அவருக்கு ரூபா கிடைக்கோணுமே? அவர் நம்மகிட்ட வாங்குற அளவுக்கு நாம அவுங்ககிட்ட என்ன வாங்குறோம்? தேயிலை, காபி, பருப்புன்னு எடுத்தா ரூபா சுத்தும். இல்லீன்னா அவர் டாலர்தான் கொண்டாருவாரு."

சரியான பதில். இதை மத்திய வர்த்தக அமைச்சகத்துக்குத் திருப்பூர் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அந்தக் கென்யா வியாபாரி மறுபடியும் வருகிறார். மூன்று பேரும் உட்கார்ந்து, ஒரே ஒரு பேலுக்காவது ரூபாயில் பில் போட முடியுமா என்று வங்கியில் கேட்டுப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.