மேசைமேல் எழும் அஸ்தினாபுரம்

மேசைப் பாத்திர விளையாட்டு என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பேச்சாலேயே நடத்தும் கதையாட்டம். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் மிச்ச உலகம் முழுவதையும் ஏற்கிறார்: மழை, காவலர், கடைக்காரர், பூட்டிய கதவு எல்லாம் அவர் வாய்ச்சொல். அவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். ஒரு செயல் பலிக்குமா என்ற சந்தேகம் எழும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஆட்டம் அறிவியல் புனைவாக இருந்து, அதற்குள் ஒரு மெய்நிகர் உலகமும் இருந்தால் வடிவமைப்பவருக்கு வேலை இரட்டிப்பாகிறது. ஆட்டக்காரர்கள் கற்பனை செய்யும் உலகம் ஒன்று. அந்த உலகத்து மனிதர்கள் கருவி மாட்டிக்கொண்டு காணும் உலகம் மற்றொன்று. இரண்டும் சொல்லால் ஆனவை. கேட்பவர் குழம்பாதபடி இரண்டுக்கும் நடுவே வரப்புக் கட்டுவதில் இத்தொழில் தொடங்குகிறது.

இவ்வகை ஆட்டத்தின் முதல் அச்சு வடிவம் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மந்திரமும் வாளும் நிறைந்த அந்த உலகத்திலிருந்து விண்வெளிக்கு ஆட்டத்தைக் கொண்டுசென்றவற்றில் முக்கியமானது, 1977இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்'. ஒரு கோளை வருணிக்க அதில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. விண்துறைமுகத்தின் தரம், கோளின் அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, ஆட்சி, சட்டத்தின் கெடுபிடி, தொழில்நுட்பம் என்ற எட்டுக்கும் எட்டுக் குறியீடுகள் போதும். பெரும்பாலும் பகடையை உருட்டியே அவற்றைப் பெறலாம். காற்றில்லாத கோளில் கோடிக்கணக்கான மக்கள் என்று பகடை சொன்னால், அவர்கள் எப்படி மூச்சுவிடுகிறார்கள் என்று யோசிக்கும்போதே கதை பிறந்துவிடும்.

மெய்நிகர் வெளி இந்த ஆட்டங்களுக்குள் வந்தது 1980களில். 'சைபர்ஸ்பேஸ்' என்ற சொல்லை வில்லியம் கிப்சன் 1982இல் 'பர்னிங் குரோம்' என்ற சிறுகதையில் பயன்படுத்தினார். அவருடைய 'நியூரோமான்சர்' நாவல் 1984இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து மைக் பாண்ட்ஸ்மித்தின் 'சைபர்பங்க்' மேசைக்கு வந்தபோது, கணினி வலைக்குள் நுழைந்து திருடும் பாத்திரமும் கூடவே வந்தது. ஒரு பெரிய சிக்கலும் வந்தது. ஒருவர் வலைக்குள் போனதும் கேம் மாஸ்டர் அவரோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடலாம். ஐந்து பேர் கூடிய ஆட்டம் இரண்டு பேர் உரையாடலாகச் சுருங்கிவிடும். இன்றுவரை மெய்நிகர் உலகம் அமைக்கும் எவரும் முதலில் விடைகாண வேண்டிய கேள்வி இது.

இடத் தேர்வு அடுத்த கட்டம். நியான் விளக்கெரியும் டோக்கியோவையோ நியூயார்க்கையோ இரவல் வாங்குவது எளிது. ஆனால் அங்கே எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று இங்குள்ள ஆட்டக்காரருக்குத் தெரியாது. தெரிந்த ஊரில் அவரே பாதி உலகத்தை நிரப்பிவிடுவார். அதனால் களப்பணி நடந்தே செய்யப்படுகிறது. சென்னையை அடுத்த குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, கிழக்கே ராஜேந்திர பிரசாத் சாலை வழியாக அஸ்தினாபுரம் வரை நடந்தால் ஒரு புனைவு நகரத்துக்கு வேண்டிய சரக்கு கிடைத்துவிடும். குரோம்பேட்டையின் 'குரோம்' தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. தலைக்குமேல் மீனம்பாக்கத்து விமானங்கள். சுற்றிலும் சிட்லபாக்கம், செம்பாக்கம், நெமிலிச்சேரி ஏரிகள். வடக்கே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி, இந்தியாவின் பழைய கற்கால ஆய்வையே தொடங்கிவைத்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்புறநகரின் பல பகுதிகளில் படகு ஓடியது. கற்காலமும் விமானமும் வெள்ளமும் ஒருமணி நேர நடைக்குள் அடங்கும் இடம், எதிர்காலக் கதைக்குப் பொருந்தாமல் போகாது.

இந்த வட்டாரத்துக்கு அறிவியல் புனைவோடு பழைய உறவும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தவர் எழுத்தாளர் சுஜாதா. அவருடைய 'என் இனிய இயந்திரா' நாவலில் குடிமக்களின் பெயர்கள் இரண்டெழுத்துக்குள் அடங்கிவிடும்: நிலா, சிபி, ரவி. இந்த ஒரே விதி அந்தச் சர்வாதிகார நாட்டைப் பற்றி ஓர் அத்தியாயம் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறது. உலகம் கட்டுபவர் அதிலிருந்து கற்க வேண்டியது சிக்கனம். விதி சிறியதாக இருக்க வேண்டும். எல்லார் வாழ்விலும் தட்டுப்பட வேண்டும்.

அஸ்தினாபுரம் என்ற ஊர்ப்பெயரே இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. பாரதக் கதையில் இந்திரப்பிரஸ்தத்து மயன் மண்டபம்தான் நம்மவர் அறிந்த முதல் மெய்நிகர் வெளி: தரையென்று எண்ணித் துரியோதனன் தண்ணீரில் விழுந்தான். அந்த அவமானம் மண்டபத்தோடு முடியவில்லை. பாரதத்து அஸ்தினாபுரத்தில் பகடையாகத் திரும்பி வந்து நாட்டையே பறித்தது. மாயைக்குள் நடப்பது வெளியே வலிக்க வேண்டும். கருவியைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிடுமென்றால் மேசையில் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடை உருட்டமாட்டார்கள்.

இந்தக் கொள்கைகளின்படி ஓர் உலகத்தைப் பயிற்சிக்காக அமைத்துப் பார்க்கலாம். ஆண்டு 2163, கற்கோடரி கிடைத்து முந்நூறு ஆண்டுகள். ஏரிகள் தங்கள் பழைய எல்லைகளை மீட்டுக்கொண்டுவிட்டன. மக்கள் உயர்ந்த தூண்களின்மேல் வாழ்கிறார்கள். மூழ்கிய அஸ்தினாபுரத்தின் மெய்நிகர் பிரதி ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது. அதற்கு மூன்றே விதிகள். யாராவது நினைவில் வைத்திருக்கும் தெரு மட்டுமே அங்கே உண்டு. நுழைந்த வாசல் வழியாகத்தான் வெளியேற முடியும். அங்கே எதற்கும் வாசனை கிடையாது. முதல் விதி கதையைத் தருகிறது: ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க, அதை நினைவில் வைத்திருக்கும் கிழவியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது ஆபத்தைத் தருகிறது. மூன்றாவது, கேட்பவர் எந்த உலகத்தில் இருக்கிறார் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். கேம் மாஸ்டர் மல்லிகை மணத்தைச் சொன்னால் அது மெய். பூக்கடையை மட்டும் சொன்னால் பிரதி. வரப்பு கட்டியாயிற்று.

பிறகு கணக்கு. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். எட்டோ அதற்கு மேலோ வந்தால் வெற்றி என்பது 'டிராவலர்' வழக்கம். 36இல் 15 முறை அது பலிக்கும். பாதிக்குச் சற்றுக் குறைவான இந்த வாய்ப்பு, ஆட்டக்காரரை உதவி தேட வைக்கிறது. இந்த உலகத்தில் உதவி என்பது நினைவு. ஒவ்வொரு பாத்திரத்தின் தாளிலும் பத்து நினைவுகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்றைப் பணயம் வைத்தால் பகடையோடு இரண்டு கூடும். வெற்றி வாய்ப்பு 36இல் 26 ஆக உயரும். தோற்றால் அந்த நினைவை அடித்துவிட வேண்டும். அம்மாவின் குரல் என்று தன் கையால் எழுதியதைத் தானே அடிக்கும்போது, இழப்பு மேசைக்கு வந்துவிடுகிறது.

டீ குடிக்கப் போகிறவர்களின் சிக்கலுக்கும் இங்கேயே வழி உண்டு. பிரதிக்குள் ஒருவர் மட்டும் போனாலும், அவர் நடக்கும் தெருக்கள் வெளியே இருப்பவர்களின் நினைவுகள். மூலையில் என்ன கடை இருந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அனைவரும் அந்த உலகத்தின் கொத்தனார்களாகிவிடுகிறார்கள்.

இதையே நிஜமான ஹெட்செட்டுக்குள் கொண்டுபோவதானால் வேறு கைகள் வேண்டும். மாடலர் பிளெண்டர் போன்ற மென்பொருளில் வீட்டையும் திண்ணையையும் செதுக்குவார். டெக்ஸ்சர் கலைஞர் பாசியும் துருவும் பூசுவார். ஒலியமைப்பாளர் எந்தக் காதில் ஆட்டோ கேட்கும் என்று தீர்மானிப்பார். நிரலாளர் யூனிட்டியிலோ அன்ரியலிலோ அனைத்தையும் இயங்க வைப்பார். நொடிக்கு 90 படங்கள் என்பது பரவலான இலக்கு. தலை திரும்பியும் காட்சி தாமதித்தால், கண் ஒன்று சொல்ல உட்செவி வேறு சொல்லிக் குமட்டும். 1968இல் ஐவன் சதர்லாந்து செய்த தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கியது. இன்றைய கருவி பைக்குள் அடங்கும்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென எக்ஸ்டிக் என்ற ஆய்வு மையம் இயங்குகிறது. ஏ.ஆர்.ரகுமான் இயக்கிய மெய்நிகர் படமான 'லே மஸ்க்' 2022இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. காட்சியோடு வாசனையையும் சேர்க்க முயன்ற படம் அது. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு மெய்நிகர் திருமண வரவேற்பில், மணமகளின் மறைந்த தந்தை உருவமாக வந்து நின்றார். நினைவால் கட்டப்படும் உலகம் வெறும் புனைவாக இல்லை.

கடைசி வேலை சோதனை. எழுதியவர் வாயே திறக்காமல், வேறொருவரைக் கேம் மாஸ்டராக அமர்த்தி ஆடிப் பார்க்க வேண்டும். விதிப்புத்தகத்தைப் புரட்டுவதற்காக ஆட்டம் நின்ற இடமெல்லாம் குறிக்கப்படும். அங்கே விதி குறைக்கப்படும். ஆட்டக்காரர்கள் தாமாகக் கேள்வி கேட்ட இடமும் குறிக்கப்படும். அங்கே உலகம் விரிக்கப்படும். பத்துப் பக்க வரலாறு இரண்டாகச் சுருங்குவதும், ஓரத்தில் கிடந்த டீக்கடை நடுவுக்கு வருவதும் இக்கட்டத்தில்தான். மூன்று மணி நேர அமர்வு முடிந்து, தாளில் ஒரு நினைவாவது அடிக்கப்பட்டு, அடித்தவர் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தால் உலகம் தயார். ஒரு நோட்டு, ஒரு பென்சில், இரண்டு பகடை, ஒருநாள் நடை: இதற்கு ஆகும் மூலதனம் அவ்வளவுதான்.