முக்கால் மீட்டர் ஒயர்

"அண்ணா, ஒயர் வச்சது வாங்கட்டுமா, ஒயர்லெஸ் வாங்கட்டுமா?" சைக்கிளில் தூரம் போக ஆரம்பித்தவர்கள் வேகமும் தூரமும் காட்டும் மீட்டர் வாங்கும்போது கட்டாயம் கேட்கிற கேள்வி இது. கடைக்காரர் ஒயர்லெஸ்ஸைத்தான் எடுத்து நீட்டுவார். விலையும் கூட, ஹேண்டில்பாரும் துப்புரவாக இருக்கும். நான் ஒயர் கட்சி. பழைய ஆள், பிடிவாதக்காரன் என்று கூட ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்தச் சின்னப் பெட்டிக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: முன்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. ஆரக்கம்பியில் ஒரு காந்தம், போர்க்கில் ஒரு சென்சார். சென்சாருக்குள் இருப்பது ரீட் சுவிட்ச்; அரிசியை விடச் சற்றே நீளமான கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் கடக்கும்போது தகடுகள் ஒட்டும், போனதும் பிரியும். பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936இல் உருவாக்கிய சாதனம் இது. தொலைபேசி இணைப்பகங்களில் பல காலம் உழைத்த பிறகு சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் வினாடிக்கு ஏறக்குறைய நான்கு முறை ஒட்டிப் பிரியும். 200 கி.மீ. ஓட்டி முடிக்கும்போது 95,000 தடவையைத் தாண்டியிருக்கும். வேகம், சராசரி, மொத்தத் தூரம் எல்லாம் இந்த எண்ணிக்கையையும் நேரத்தையும் வைத்துப் போடும் கணக்குதான்.

ஒயர் மாடலில் அந்த ஒட்டலும் பிரிதலும் நேராகப் பெட்டிக்குப் போகின்றன. சென்சாருக்குப் பேட்டரியே தேவையில்லை. பெட்டியில் ஒரு சி.ஆர்.2032 பட்டன் செல். ஓரளவு ஓட்டுகிறவருக்கு இரண்டு மூன்று வருடம் வரும். ஒயரை எடுத்துவிட்டால் சென்சாருக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர், அதற்குத் தனியாக ஒரு செல் என்று வேலை கூடுகிறது. எண் தெரியாமல் போனால் எந்த செல் தீர்ந்தது என்பதே முதல் சந்தேகம்.

ஒயர்லெஸ்ஸிலும் இரண்டு ஜாதி உண்டு. இதைக் கடையில் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. மலிவானவை அனலாக். சென்சார் அனுப்பும் துடிப்பில் 'நான் இன்ன சைக்கிளின் சென்சார்' என்ற அடையாளம் இருக்காது. அருகில் வேறு எந்த மின் இரைச்சல் வந்தாலும் பெட்டி அதையும் சக்கரச் சுற்றாக எண்ணிக்கொள்ளும். ரயில் பாதை, டி.வி. நிலையம், ரேடார் பக்கத்தில் தவறாகக் காட்டலாம் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஹேண்டில்பாரில் மாட்டிய எல்.இ.டி. விளக்கே போதும். விடிவதற்கு முன் கிளம்புகிறவர்களுக்கு விளக்கைப் போட்டதும் வேகம் பூஜ்யமாகும், அல்லது சிக்னலில் நிற்கும்போதே 60 கி.மீ. காட்டும். எட்டும் தூரமும் 60, 70 செ.மீ.தான். நீளமான ஸ்டெம் போட்ட உயரமானவர்களுக்கு அதுவே இழுபறி. சென்சாரைப் போர்க்கில் மேலே தூக்கிக் கட்ட வேண்டியிருக்கும். அங்கே போர்க்குக்கும் ஆரக்கம்பிக்கும் இடைவெளி அதிகம். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே 5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒயர் மாடலில் இந்த இக்கட்டே கிடையாது. இடைவெளி எங்கே குறைவோ அங்கே கீழே இறக்கிக் கட்டலாம்.

டிஜிட்டல் ஒயர்லெஸ் வேறு ரகம். ஏ.என்.டி.பிளஸ், புளூடூத் இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அடையாள எண்ணோடு பேசுகின்றன. பக்கத்துச் சைக்கிளின் துடிப்பு உங்கள் பெட்டியில் ஏறாது. அதன்மேல் எனக்குப் பெரிய குறை இல்லை, விலையைத் தவிர.

பிறகு ஏன் ஒயர்? பழுது கண்ணுக்குத் தெரியும் என்பதால்தான். ஈ.சி.ஆரில் கல்பாக்கம் தாண்டி மீட்டர் செத்துப்போனால் ஒயர்லெஸ்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஒயர்காரர் பெட்டியைக் கழற்றி, அதன் அடியில் உள்ள இரண்டு பித்தளைப் புள்ளிகளையும் ஒரு சாவியால் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். எண் ஏறினால் பெட்டி நன்றாக இருக்கிறது, கோளாறு கீழே. பெரும்பாலும் பெட்டி உட்காரும் தாங்கியின் புள்ளிகளில் பச்சை படிந்திருக்கும். கடல் காற்று பாதி, நம் வியர்வை பாதி. பென்சில் ரப்பரால் தேய்த்தால் போய்விடும். அதுவும் இல்லையென்றால் ஒயர் அறுந்திருக்கும். உள்ளே இரண்டே இழைகள். இது வெறும் சுவிட்ச் என்பதால் எதை எதோடு சேர்ப்பது என்ற குழப்பமும் இல்லை. உறையைப் பல்லால் உரித்து, முறுக்கி, பஞ்சர் பெட்டியில் கிடக்கும் டேப்பைச் சுற்றினால் வேலை முடிந்தது.

அறுவதும் பெரும்பாலும் கட்டிய விதத்தால்தான். முன் பிரேக் கேபிள் மேலேயே ஒயரைக் கொடி போலச் சுற்றிக் கீழே இறக்க வேண்டும். பிறகு போர்க்கின் உட்புறமாகச் சென்சார் வரை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்ட பிறகே ஜிப் டையைப் பூட்ட வேண்டும். அதையும் இறுக்கி நெரிக்கக் கூடாது. மிச்ச ஒயரை வெட்டவும் வேண்டாம். தாங்கிக்கு அடியில் சுருட்டி வைத்தால் பின்னால் உதவும். நிதானமாகக் கட்டினால் கால் மணி நேர வேலை. இதற்கு அலுத்துக்கொண்டுதான் பாதிப் பேர் ஒயர்லெஸ் வாங்குகிறார்கள்.

கைபேசியில் ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றும் கேட்பார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள். ஜி.பி.எஸ். விட்டுவிட்டுப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறது, வளைவைக் குறுக்கே வெட்டிவிடும். மெதுவாக ஏறும்போது வேகம் தாறுமாறாகத் துள்ளும். சக்கரத்துக்கு மரமும் தெரியாது, மலையும் தெரியாது. பிரெவே என்ற நேரக் கெடு வைத்த நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 200 கி.மீ.க்குத் தரும் 13 மணி 30 நிமிடம் முழுதும் கைபேசித் திரையை எரிய விடவும் முடியாது.

ஆனால் சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தால்தான் இந்தத் துல்லியம் எல்லாம். 700×23 டயருக்குப் பட்டியலில் 2096 மி.மீ., 700×28க்கு 2136. வித்தியாசம் 40 மி.மீ.தானே என்று தோன்றும். டயரை மாற்றிவிட்டுப் பழைய எண்ணை அப்படியே விட்டால் 200 கி.மீ.க்கு 4 கி.மீ. வரை குறைத்துக் காட்டும். வழித்தாளில் 150ஆவது கி.மீ.யில் இடது என்று இருந்தால், மீட்டர் 150 காட்டும்போது திருப்பம் பின்னால் 3 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். பட்டியலையும் முழுதாக நம்ப வேண்டாம். காற்றை வழக்கம்போல் அடித்து, டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மூன்று சுற்று உருட்டுங்கள். அளந்து மூன்றால் வகுத்தால் உங்கள் எடையோடு சேர்ந்த உண்மையான அளவு கிடைக்கும்.

ஒயர் ஆகாத இடங்களும் உண்டு. சஸ்பென்ஷன் போர்க் மேலும் கீழும் ஆடுவதால் ஒயருக்குக் கூடுதல் தளர்வு விட வேண்டும். அது புதரில் மாட்டும். மடக்கும் சைக்கிளில் மடிக்கும்போதெல்லாம் ஒயர் நெரிபடும். அடிக்கடி பஸ் கூரையிலோ ரயில் பார்சல் வண்டியிலோ சைக்கிளை ஏற்றுகிறவருக்கும் அறுந்துகொண்டே இருக்கும். வீட்டில் இரண்டு மூன்று சைக்கிள் வைத்துக்கொண்டு ஒரே பெட்டியை மாற்றி மாற்றி மாட்டுகிறவர் டிஜிட்டலுக்குப் போகலாம், காசு வீணாகாது.

ஒரே சைக்கிள், தார்ச் சாலை, அளவான காசு என்றால் ஒயர் மாடலையே வாங்குங்கள். சீட்டுப் பையில் ஒரு சி.ஆர்.2032 கூடுதலாக இருக்கட்டும். அனலாக் ஒயர்லெஸ்ஸைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.