வாடகைத்தாய்: சொல்லும் படிமமும்

பிறர்க்காகக் கருவைச் சுமந்து பெற்றுக்கொடுக்கும் பெண்ணைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'வாடகைத்தாய்' என்னும் சொல்லாலேயே பெரிதும் குறித்து வருகின்றன. வாடகைக்கு விடப்படுவன வீடும் வண்டியுமாகும். விடுபவனுக்கும் எடுப்பவனுக்கும் உரிமைகள் உண்டு. வாடகைப் பொருளுக்கோ வாய் இல்லை. இச்சொல் ஆளப்படும்போது அப்பெண் வீட்டுக்காரியாக அன்றி வீடாகவே எண்ணப்படுகிறாள். செய்தியைப் படிப்பதற்கு முன்னரே சொல் தீர்ப்பை வழங்கிவிடுகிறது.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1986 மார்ச்சில் பிறந்து, 'குழந்தை எம்' என உலகறிந்த பெண்குழந்தை பற்றிய வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். வில்லியம் ஸ்ரேர்ண் என்பவரின் குழந்தையைச் செயற்கை விந்தூட்டல் முறையிற் கருத்தரித்துப் பெற்றுக்கொடுக்க மேரி பெத் வைற்ஹெட் என்னும் பெண் உடன்பட்டிருந்தார். குழந்தையை ஒப்படைத்தால் 10,000 டொலர். அது இறந்து பிறந்தால் 1,000 டொலர். ஊதியம் சுமந்ததற்கா, ஒப்படைத்ததற்கா என்பதை இவ்விரு தொகைகளே புலப்படுத்தும். கருமுட்டையும் அவருடையதே, ஆதலால் எவ்வகையில் நோக்கினும் அவரே தாய். ஆயினும், பணத்தை மறுத்துக் குழந்தையைத் தாமே வளர்க்க முற்பட்டதும், செய்திகளிற் பல அவரைச் சொல் தவறியவராகக் காட்டின.

ஸ்ரேர்ண் உயிர்வேதியியலாளர்; அவர்தம் மனைவி குழந்தைநல வைத்தியர். வைற்ஹெட் பாடசாலைக் கல்வியை இடையில் நிறுத்தியவர். அவரின் கணவர் குப்பை அகற்றும் தொழிலாளி. இவ்வர்க்க வேறுபாடு செய்திகளில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்டது. சாட்சியமளித்த நிபுணர் ஒருவர், வைற்ஹெட் குழந்தையோடு கைகொட்டி விளையாடிய முறையிற்கூடக் குறை கண்டார். இதனைக் கண்டித்து 1987 மார்ச்சில் எழுத்தாளரும் நடிகையரும் உட்பட 121 பெண்கள் அறிக்கை வெளியிட்டனர். அவ்வளவுகோலால் அளந்தால் தாங்கள் அனைவருமே தகுதியற்ற தாய்மாரே என்பது அதன் சாரம்.

அம்மாத இறுதியில் விசாரணை நீதிமன்று ஒப்பந்தம் செல்லும் எனத் தீர்த்தது. 1988 பெப்ரவரி 3ஆம் திகதி மாநிலத்தின் அதியுயர் நீதிமன்று அவ்வொப்பந்தத்தைச் செல்லுபடியற்றதாக்கியது. தந்தையிடம் வளர்வதே குழந்தையின் நலனுக்கு உகந்தது எனக் கொண்டபோதும், வைற்ஹெட்டின் தாயுரிமையை அது மீள நிலைநாட்டியது. பெற்ற தாயைப் 'பதிலித்தாய்' என அழைப்பது பொருந்தாது என்பதையும் அத்தீர்ப்புச் சுட்டியது. செய்தித்தாள்கள் தயக்கமின்றி ஆண்ட சொல்லை நீதிமன்று நிறுத்தி நோக்கியது எனலாம்.

சுமந்தவள் வழக்காடாதபோது வரையப்படும் படிமம் வேறு. அப்போது அவள் தியாகி. மகப்பேறற்ற இல்லத்தில் விளக்கேற்றிய தெய்வம். இந்தியாவில் வணிகமுறையில் இது நடைபெற்ற காலத்தில் குஜராத்தின் ஆனந்த் நகரம் உலகப் பத்திரிகைகளிற் பெரிதும் பேசப்பட்டது. அக்காலப் படங்கள் பலவற்றில் வயிறு உண்டு, முகம் இல்லை. அயலாரின் பழிச்சொல்லிலிருந்து காப்பதற்கு முகத்தை மறைப்பது நியாயமாகலாம். குரலை மறைப்பதற்கு அந்நியாயம் பொருந்தாது.

2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் வணிகமுறையைத் தடைசெய்தது. மருத்துவச் செலவும் காப்புறுதியும் போன்றவை தவிர, சுமக்கும் பெண்ணுக்கு ஊதியம் எதுவும் வழங்கலாகாது. வறிய பெண்களைச் சுரண்டலிலிருந்து காப்பதே இதன் நோக்கமெனப்பட்டது, அந்நோக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் மருத்துவர்க்குக் கட்டணம் உண்டு. மருத்துவமனைக்கு வருவாய் உண்டு. பத்து மாதம் சுமப்பவள் மட்டுமே அன்பினால் உழைக்கவேண்டியவள். பணம் பெற்றால் விலைப்பொருள், பெறாவிடில் தெய்வம் என்னும் பத்திரிகைப் படிமமே இங்குச் சட்ட வடிவம் பெற்றதுபோலத் தோன்றுகிறது. மறு ஆண்டில் தமிழ்த் திரையுலகத் தம்பதியர் ஒருவர்க்கு இம்முறையால் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது, திருமண நாளும் சட்டவிதிகளும் வாரக்கணக்கில் விவாதிக்கப்பட்டன. பெற்றவளின் உடல்நலம் எவ்வாறுள்ளது எனக் கேட்டோர் அரியர்.

பிள்ளையில்லாப் பெண்ணை 'மலடி' எனச் சுட்டிய சமூகத்தில், குழந்தைக்காக ஏங்குவோரின் துயரம் சிறிதன்று. அத்துயரத்தைப் பேசுவதற்கு இன்னொருத்தியை ஊமையாக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை அவளுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டியவர் யார்? பிரசவத்தின் பின் அவள் நோயுற்றாற் பார்ப்பவர் யார்? குழந்தையைப் பிரிந்தபின் அவள் வேண்டுவது யாது? செய்தியாளர் கேட்கவேண்டிய வினாக்கள் இவையே.

தாய்மை ஒருத்தியிடம் மட்டும் அடங்குவதன்று என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் பிரித்துப் பெயரிட்ட அகப்பொருள் இலக்கணம், இருவர்க்குமே கூற்று நிகழ்த்தும் உரிமையை வழங்கிற்று. இன்றைய பெண்ணுக்குப் பொருந்தும் பெயரைத் தேடும் பணி இனிமேல் நிகழவேண்டியது. அதற்கு முன்பாக அவளுக்கு உரியது அவளின் கூற்று.